ஒரு சோறு பதம்: 1948 அமெரிக்க அதிபர் தேர்தலும் கணிப்பாளர்களின் தோல்வியும்

1948ஆம் ஆண்டு கன்சாஸ் சிட்டி வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்டேலி என்னும் தீவன ஆலை ஒரு வியாபார உத்தியைக் கையாண்டது. கோழித் தீவனம் வாங்க வரும் விவசாயி இரண்டுவகைச் சாக்குகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றில் ஜனநாயகக் கட்சியின் கழுதைச் சின்னம்; மற்றொன்றில் குடியரசுக் கட்சியின் யானைச் சின்னம். உள்ளே இருந்தது ஒரே தீவனம்தான். அது அதிபர் தேர்தல் ஆண்டு. எந்தச் சாக்கு எத்தனை போயிற்று என்று ஆலை கணக்கு வைத்துக்கொண்டது. மத்திய மேற்குப் பகுதியின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 20,000 விவசாயிகள் வாங்கி முடித்தபோது, கழுதைச் சாக்கு 54 சதவீதம் விற்றிருந்தது.

நாட்டின் பெயர்பெற்ற கணிப்பாளர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமன் தோற்பது உறுதி, குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி அடுத்த அதிபர் என்பதே எல்லோரது முடிவும். ஆகவே தங்கள் கணக்கில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவுசெய்த ஆலை, செப்டம்பரில் அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டது. நவம்பர் 2ஆம் தேதி நடந்த தேர்தலில் ட்ரூமன் வென்றார்.

அமெரிக்கத் தேர்தல் வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது வெறும் வேடிக்கையாகப் படவில்லை. தன் கண்முன் கிடந்த எண்ணை நம்பாமல் ஊர் சொன்னதை நம்பியவர்களின் கதை அது. அவ்வாண்டு ஊர் பேசியது வதந்தியும் அல்ல. அறிவியல் என்ற பெயரால் பேசியது. அந்த அறிவியல் எப்படிப் பிறந்தது, ஏன் வழுக்கியது, வழுக்கியபின் என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

*

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். கருத்துக்கணிப்பு என்னும் துறையின் தத்துவம் முழுவதும் இந்தப் பழமொழியில் அடங்கிவிடுகிறது. ஆனால் இதற்குள் சொல்லப்படாத இரண்டு நிபந்தனைகள் உண்டு. சமைத்தவர்கள் அவற்றை அறிவார்கள். பானையை அடிவரை கிளறிவிட்டுத்தான் அந்த ஒரு சோற்றை எடுக்கவேண்டும் என்பது முதலாவது. மேலாக நிற்பதை மட்டும் அள்ளினால் அடியில் இருப்பதன் பதம் தெரியாது. பதம் பார்த்ததற்கும் வடிப்பதற்கும் இடையே அதிக நேரம் விடக்கூடாது என்பது இரண்டாவது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சோறு வெந்துகொண்டுதான் இருக்கிறது.

முதல் நிபந்தனையை மறந்து வீழ்ந்த பத்திரிகையின் பெயர் ‘லிட்டரரி டைஜஸ்ட்’. பெயரைக் கண்டு இலக்கியப் பத்திரிகை என்று நினைத்துவிட வேண்டாம். 1890ல் தொடங்கப்பட்ட அது பின்னாளில் பலர் வாசிக்கும் செய்தி வார இதழாக வளர்ந்தது. 1916 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலுக்கும் தபால்வழி வாக்கெடுப்பு நடத்தி, வெல்பவர் யார் என்று தொடர்ந்து சரியாகவே சொல்லிவந்தது. 1936ல் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ 23 லட்சத்து 76 ஆயிரம் சீட்டுகள் திரும்பிவந்தன. அவற்றை எண்ணி, ஆல்ஃப் லாண்டன் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிப்பார் என்று அறிவித்தது. நடந்ததோ நேரெதிர். 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். மெய்ன், வெர்மாண்ட் என்ற இரண்டு சிறு மாநிலங்கள் மட்டும் லாண்டனுக்குக் கிடைத்தன. இரண்டாண்டுகளுக்குள் பத்திரிகையும் நின்றுபோயிற்று.

எங்கே பிழை? முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெருமந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் பானையின் மேற்சோறு. இன்னொரு காரணமும் உண்டு. பிற்கால ஆய்வாளர்கள் அதற்கும் பெரிய இடம் கொடுக்கிறார்கள். சீட்டைத் திருப்பி அனுப்பியவர் நாலில் ஒருவர்கூட இல்லை. அப்படி மெனக்கெட்டு அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்கள் அதிகம். கோபமுள்ளவர் கடிதம் எழுதுவார், திருப்தியுற்றவர் சும்மா இருப்பார் என்பது பத்திரிகை நடத்திய எவருக்கும் தெரிந்த உண்மைதான்.

அதே 1936ல் ஜார்ஜ் கேலப் என்ற முப்பத்தைந்து வயதுக்காரர் புகழின் உச்சிக்குப் போனார். அயோவா மாநிலத்தவர், செய்தித்தாள்களை மக்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதில் முனைவர் பட்டம் பெற்றவர். டைஜஸ்ட் தன் சீட்டுகளை அனுப்பத் தொடங்கும் முன்பே, அதன் முடிவு எப்படித் தவறாக வரும் என்பதையும் சில ஆயிரம் பேரை மட்டும் விசாரித்து அவர் கணித்துச் சொல்லிவிட்டார். ரூஸ்வெல்ட் வெல்வார் என்ற அவருடைய சொந்தக் கணிப்பும் பலித்தது. லட்சங்களை ஆயிரங்கள் வென்றன. எவ்வளவு சோறு என்பதல்ல, எங்கிருந்து எடுத்த சோறு என்பதே கேள்வி என்று உலகம் கற்றுக்கொண்டது.

ஆனால் அந்த வெற்றியிலேயே ஒரு விரிசல் இருந்தது. ரூஸ்வெல்ட்டுக்குக் கேலப் கணித்தது சுமார் 56 சதவீதம். அவர் பெற்றது ஏறத்தாழ 61. ஐந்து புள்ளிகள் குறைவு. 1940லும் 1944லும் பிழை சிறிதானது என்றாலும் அதன் திசை மாறவில்லை. ஒவ்வொரு முறையும் ஜனநாயகக் கட்சிக்கு உள்ளதைவிடக் குறைவாகவே கணிப்பு சொன்னது. வெல்பவர் பெயர் சரியாக இருந்ததால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வெற்றி பெரிதாக இருக்கும்போது அதன் நிழலில் எவ்வளவு பெரிய பிழையும் ஒளிந்துகொள்ளலாம். தேர்தல் நெருக்கமாக வரும்போது அந்த நிழல் சுருங்கிவிடுகிறது.

*

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள, அன்றைய கணிப்பு எப்படி நடந்தது என்பதை அறியவேண்டும். அதற்கு ஒதுக்கீட்டு முறை என்று பெயர் சொல்லலாம். ஊருக்குள் அனுப்பப்படும் நேர்காணுநரிடம் ஒரு கணக்கு தரப்படும்: ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் இத்தனை, வசதியுள்ளோர் இத்தனை, வசதி குறைந்தோர் இத்தனை. மக்கள்தொகையின் விகிதங்கள் அப்படியே இந்தச் சிறு பட்டியலில் பிரதிபலிக்கும். தாளில் பார்த்தால் குறையே தெரியாது.

குறை, அந்தப் பட்டியலை நிரப்புகிற மனிதரிடத்தில் இருந்தது. கணக்கைத் தாண்டி, எந்தக் கதவைத் தட்டுவது என்பது அவர் விருப்பம். தட்டுகிறவரும் மனிதர்தானே. நாய் குரைக்காத வீட்டை, துடைத்து வைத்த வாசலை, தன்னைப் போலவே பேசுகிற முகத்தைத்தான் அவர் நாடுவார். ஏழை ஒருவரைக் கேட்கவேண்டும் என்றால், ஏழைகளுக்குள்ளே சற்று நல்ல சட்டை போட்டவரைக் கேட்பார். மூன்றாவது மாடியின் இருண்ட படிக்கட்டில் ஏறமாட்டார். இரவுப் பணி முடித்துத் தூங்குபவரை எழுப்பமாட்டார். இப்படியாக ஒவ்வோர் அடுக்கிலும் சற்றே படித்தவர்கள், சற்றே வசதியானவர்கள் மேலே வந்துவிடுவார்கள். அன்றைய அமெரிக்காவில் அத்தகையோர் குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்வது அதிகம். இது எவருடைய சதியும் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு சிறு கூச்சங்கள் ஒரே திசையில் சேர்ந்து ஒரு பெரும்பிழை ஆயின.

மாற்றுவழி தெரியாமல் இல்லை. யாரைக் கேட்பது என்பதை மனிதக் கைக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டுவிடும் சமவாய்ப்பு முறையை, போலந்திலிருந்து வந்த புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1934லேயே கோட்பாட்டளவில் நிறுவியிருந்தார். வங்காளத்தின் சணல் பயிரை மதிப்பிட மகலனோபிஸ் 1937லிருந்து இம்முறையில் வயல்களைத் தேர்ந்து அளந்துவந்தார். எந்த வயல் என்று தாளில் விழுந்ததோ அந்த வயலுக்குத்தான் போகவேண்டும். சேறாக இருக்கிறது என்று பக்கத்து வயலுக்கு மாறக்கூடாது. 1948க்குள் அமெரிக்க அரசின் மக்கள்தொகைத் துறையும் இதைக் கைக்கொண்டிருந்தது. ஆனால் இதற்குச் செலவு அதிகம். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மறுபடியும் மறுபடியும் போகவேண்டும். செய்தித்தாள்களுக்கு வாராவாரம் கணிப்பை விற்றுவந்த நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. பழைய முறையே போதுமானதாக இருந்தது. மூன்று தேர்தல்களில் வென்றவர் பெயரைச் சொல்லியிருந்ததல்லவா?

*

இரண்டாவது நிபந்தனை காலம் பற்றியது. அதை மீறியவர்களில் முதல்வர் எல்மோ ரோப்பர். கேலப்புக்கு இணையாகப் புகழ்பெற்ற கணிப்பாளர் அவர். 1948 செப்டம்பர் 9ஆம் தேதி, தேர்தலுக்கு ஏறத்தாழ எட்டு வாரங்கள் இருக்கும்போதே, டூயியின் வெற்றி உறுதியாகிவிட்டதால் இனிமேல் தொடர்ந்து கணிப்பு வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தார். முடிந்துபோன பந்தயத்துக்கு ஓட்டவிவரணை எதற்கு என்பது அவர் எண்ணம்.

இதை வெறும் ஆணவம் என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஆய்வு ஒன்று இருந்தது. 1940 தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் ஒஹையோ மாநிலத்தின் ஈரி என்ற மாவட்டத்தில், ஒரே வாக்காளர்களை மாதந்தோறும் சந்தித்து, மனம் எப்போது எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார்கள். மாறியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் பிரச்சாரம் தொடங்கும் முன்பே முடிவுசெய்திருந்தார்கள். பிரச்சாரம் அந்த முடிவை உறுதிப்படுத்தவே உதவியது. 1944ல் நூலாக வந்த இந்த ஆய்வு சமூக அறிவியலின் செவ்வியல் நூல்களில் ஒன்று. அது சொன்னது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மை 1940க்கும் ஈரி மாவட்டத்துக்கும் உரியது. அதை 1948க்கும் நாடு முழுமைக்கும் நீட்டித்தபோது, வாக்காளர் என்பவர் செப்டம்பரிலேயே எழுதி முடித்து உறையில் ஒட்டிய கடிதம் என்று ஆகிவிட்டார். பிரித்துப் படிப்பது மட்டும்தான் மிச்சம்.

நம்பிக்கை பத்திரிகைகளுக்குப் பரவியது. ‘நியூஸ்வீக்’ இதழ் அரசியல் எழுத்தாளர்கள் 50 பேரைக் கேட்டது. ஐம்பதுபேரும் டூயி என்றார்கள். ‘லைஃப்’ இதழ் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் படகில் செல்லும் டூயியின் படத்தைப் போட்டு, அவரை அடுத்த அதிபர் என்றே குறிப்பிட்டது. டூயியும் அப்படியே நடந்துகொண்டார். கையில் இருக்கும் வெற்றியைச் சிந்திவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒருவரின் எச்சரிக்கை அவர் பேச்சில் இருந்தது. எதிராளியின் பெயரைக்கூட அதிகம் சொல்லவில்லை. ஒற்றுமை, எதிர்காலம் என்று எவரும் மறுக்கமுடியாத, எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் முடியாத வாக்கியங்களைப் பேசினார்.

ட்ரூமன் ரயிலேறினார். 30,000 மைல்களுக்குக் குறையாத பயணம். முந்நூறுக்கும் மேற்பட்ட உரைகள். பெரிய ரயில்கள் வழக்கமாக நிற்காத சிற்றூர்களிலும் நின்று, கடைசிப் பெட்டியின் மேடையிலிருந்து பேசினார். குடியரசுக் கட்சியின் கையிலிருந்த நாடாளுமன்றத்தை, ஒன்றும் செய்யாத நாடாளுமன்றம் என்று ஊர் ஊராகச் சாடினார். கூட்டம் திரண்டது. உடன் சென்ற நிருபர்கள் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள். அதிபரைப் பார்க்கும் ஆவலில் வந்த கூட்டம், வாக்காக மாறாது என்று எழுதினார்கள். தீவன ஆலை செய்ததையே அவர்களும் செய்தார்கள்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது? மூன்று ஓட்டங்களைக் குறிப்பிடவேண்டும்.

முதலாவது, விவசாயிகள். விளைபொருளுக்கு அரசு ஆதரவு விலை தரும். ஆனால் அதைப் பெறத் தானியத்தை முறையான கிடங்கில் சேர்த்திருக்கவேண்டும். 1948 ஜூனில் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், இதற்கான அரசு நிறுவனம் புதிய சேமிப்புக் கிடங்குகளைப் பெறுவதைத் தடுத்தது. அப்போது அது பத்திரிகைகளில் ஒரு மூலைச் செய்தி. அவ்வாண்டு சோள விளைச்சல் அமோகமாக வந்தது. வைக்க இடமில்லை, விலை சரிந்தது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டிய விவசாயிக்கு அந்தச் சட்டத்தின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. செப்டம்பர் 18ஆம் தேதி அயோவாவின் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த உழவுப் போட்டிக்கு வந்திருந்த பெருந்திரளிடம் ட்ரூமன் இதைத்தான் பேசினார். ரோப்பர் கணிப்பை முடித்துக்கொண்டு ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. அறுவடை அதற்கப்புறம்தான் தொடங்கவிருந்தது.

இரண்டாவது, தொழிலாளர்கள். தொழிற்சங்கங்களின் உரிமைகளைக் குறுக்கும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் 1947ல் ட்ரூமனின் மறுப்பாணையையும் மீறி நிறைவேற்றப்பட்டது. அதுவரை அவரிடம் அதிருப்தி கொண்டிருந்த சங்கங்கள் அவர் பக்கம் திரும்பி, உறுப்பினர்களை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கின.

மூன்றாவது, வடக்கு நகரங்களில் குடியேறியிருந்த கறுப்பின மக்கள். ஜூலையில் பிலடெல்ஃபியாவில் நடந்த மாநாட்டில் ஜனநாயகக் கட்சி குடியுரிமைத் தீர்மானத்தை ஏற்றபோது, தெற்குப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் வெளிநடப்புச் செய்தனர். அவர்கள் ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம், முன்னாள் துணை அதிபர் ஹென்றி வாலஸ் இடதுசாரிகளைப் பிரித்துக்கொண்டு போனார். கட்சி மூன்றாக உடைந்துவிட்டது. இனி எப்படி வெல்லும் என்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் ஜூலை 26ஆம் தேதி ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டார்; அக்டோபர் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்கே சென்று பேசினார். தெற்கில் நான்கு மாநிலங்கள் போயின. வடக்கில் வந்த வாக்குகள் எண்ணப்பட்டபோதுதான் அவற்றின் எடை தெரிந்தது.

இந்த மூன்று கூட்டத்தாரையும் கவனியுங்கள். சோளக்காட்டு விவசாயி, ஆலைத் தொழிலாளி, நகரத்துக் குறுகிய தெருக்களின் கறுப்பினத்தவர். இவர்களில் பலர் நேர்காணுநர் தட்டத் தயங்கிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள். பலர் கணிப்பு முடிந்தபின் முடிவெடுத்தவர்கள். இரண்டு பிழைகளும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தன.

*

இறுதிக் கணிப்பில் கேலப் டூயிக்கு 49.5 சதவீதமும் ட்ரூமனுக்கு 44.5 சதவீதமும் தந்தார். ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி தந்ததும் ஏறத்தாழ அதுவே. ரோப்பர் 52.2க்கு 37.1 என்றார். முடிவு, ட்ரூமனுக்கு 49.5 சதவீதத்தைச் சற்றே கடந்தும் டூயிக்கு 45 சதவீதத்தைச் சற்றே கடந்தும் வந்தது. தர்மண்டும் வாலஸும் ஆளுக்கு 2.4 சதவீதம் பெற்றனர்.

‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ அச்சுத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்கூட்டியே பக்கங்களை முடிக்கவேண்டியிருந்தது. வாக்குகள் முழுதும் வருமுன், டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று முதல் பதிப்பின் தலைப்பில் அச்சிட்டுவிட்டது. இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் அந்த இதழைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் படத்தின் சிரிப்பில் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தத் தலைப்பு உண்மையாகியிருக்கக்கூடிய தூரம் மிகக் குறைவு.

அமெரிக்காவில் அதிபரை நேரடி வாக்கு எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று உண்டு. மாநிலத்தில் முந்துபவருக்கு வழக்கமாக அவை முழுவதும் சேரும். 1948ல் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189, தர்மண்டுக்கு 39. வெல்ல வேண்டியது 266. பார்வைக்குப் பெரிய வெற்றி. ஆனால் ஒஹையோவில் ட்ரூமன் முந்தியது 7,107 வாக்குகளால், கலிஃபோர்னியாவில் 17,865ஆல், இல்லினாயில் 33,612ஆல். மூன்றையும் கூட்டினால் 58,584. அதில் பாதிப்பேர், அதாவது முப்பதாயிரத்துக்கும் குறைவானவர்கள், அந்தந்த மாநிலத்தில் தேவையான அளவில் டூயி பக்கம் மாறியிருந்தால் மூன்று மாநிலங்களின் 78 தேர்வாளர் வாக்குகளும் அவருக்குப் போய் 267 ஆகியிருக்கும். நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 88 லட்சம் பேர். அவர்களில் அந்த முப்பதாயிரம் பேரை எந்தக் கணிப்பாளரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

அப்படி அவர்கள் மாறியிருந்தால் கேலப்பின் முறை இன்னொரு வெற்றியாகக் கொண்டாடப்பட்டிருக்கும். ட்ரூமனின் வாக்கில் அவர் ஐந்து புள்ளி தவறியது அப்படியே இருந்திருக்கும், எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். 1936ல் ஐந்து புள்ளி தவறியவருக்குக் கிடைத்தது மாலை. 1948ல் அதே ஐந்து புள்ளிக்குக் கிடைத்தது ஏளனம். மாறியது பிழையின் அளவல்ல, தேர்தலின் நெருக்கம். ஒரு கணிப்பை, வென்றவர் பெயரைச் சொன்னதா என்பதைக் கொண்டு அளப்பது எவ்வளவு மேலோட்டமான அளவுகோல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

*

தோற்றபின் நடந்தது இந்த வரலாற்றின் மதிப்புக்குரிய பகுதி. சமூக அறிவியல் ஆய்வு மன்றம் ஒரு குழுவை அமைத்தது. மூன்று கணிப்பாளர்களும் தங்கள் ஏடுகளைத் திறந்து அக்குழுவின் முன் வைத்தார்கள். 1949ல் வெளிவந்த அறிக்கை பழியைத் துரதிர்ஷ்டத்தின் மேல் போடவில்லை. ஒதுக்கீட்டு முறையையும் நேர்காணுநர்களின் தேர்வையும் குற்றம் கண்டது. முடிவுசெய்யாதவர்களை, முடிவுசெய்தவர்களின் விகிதத்திலேயே பங்கிட்டதைக் குற்றம் கண்டது. மிக முன்னதாகவே கேள்வியை நிறுத்தியதைக் குற்றம் கண்டது. வாக்களித்தவர்களில் ஏழில் ஒருவர் கடைசி இரண்டு வாரங்களில்தான் முடிவெடுத்தார். அவர்களில் நாலில் மூன்று பங்கினர் ட்ரூமனுக்கு வாக்களித்தனர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அக்டோபரில் வெளிநாட்டுக் கொள்கை பற்றி ஓர் ஆய்வு நடத்தியிருந்தார்கள். சமவாய்ப்பு முறையில் தேர்ந்த அறுநூற்றுச் சொச்சம் பேரிடம், போகிற போக்கில், யாருக்கு வாக்கு என்றும் கேட்டுவைத்திருந்தார்கள். தேர்தலுக்குப் பின் அதே மனிதர்களிடம் திரும்பிச் சென்று, என்ன செய்தீர்கள், ஏன் என்று கேட்டார்கள். யார் வெல்வார் என்று சொல்வதைவிட, ஒருவர் எப்படி முடிவுக்கு வருகிறார் என்று அறிவதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்தச் சிறு ஆய்வே, இன்றுவரை தொடரும் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வுகளின் விதை.

கேலப் தன் முறைகளை மாற்றிக்கொண்டார். குலுக்கல்வழித் தேர்வுக்கு நகர்ந்தார். தேர்தலுக்கு முந்திய வாரயிறுதிவரை கேள்வி கேட்கத் தொடங்கினார். எனினும் பானை மாறிக்கொண்டே இருக்கிறது. 2016ல் நாடு தழுவிய கணிப்புகள் ஹிலரி கிளிண்டன் அதிக வாக்குப் பெறுவார் என்றன, அது பலித்தது. ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தம் 77,744 வாக்குகளின் முன்னிலை டொனால்ட் ட்ரம்பை அதிபராக்கியது. அந்தத் தேர்தலை ஆராய்ந்த கணிப்பாளர் சங்கத்தின் குழு, கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்களையும், படிப்புக் குறைந்தவர்கள் மாதிரியில் குறைவாக இடம்பெற்றதையும் முக்கியக் காரணங்களாகக் காட்டியது. 1949 அறிக்கையை வாசித்தவருக்கு இவை பழைய முகங்கள். 2020ல் வென்றவர் பெயர் சரியாக இருந்தது. ஆனால் நாடளாவிய கணிப்புகளின் பிழை நாற்பதாண்டுகளில் காணாத அளவு பெரிது. இம்முறையும் பெயர் சரியாக இருந்ததால் ஏளனம் குறைவாக இருந்தது.

இன்றைய சிக்கல் வேறொன்று. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, தொலைபேசிக் கணிப்புக்குப் பதில் சொன்னவர்கள் 1997ல் நூற்றுக்கு 36 பேர். 2018ல் 6 பேர். அன்று நேர்காணுநர் கதவைத் தேர்ந்தெடுத்தார். இன்று கதவே நேர்காணுநரை மறுக்கிறது. கரண்டிக்கு வர மறுக்கும் சோற்றின் பதத்தை, வந்த சோற்றைக் கொண்டு ஊகிக்கவேண்டியிருக்கிறது.

இதனால் கணிப்பே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணிப்பு இல்லாத இடத்தை நிரப்புவது மக்களின் குரல் அல்ல. ஐம்பதுக்கு ஐம்பதும் தவறிய அந்த அரசியல் எழுத்தாளர்களின் குரல்தான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசமுடியாத எளியவரின் எண்ணமும் ஆள்வோர் காதுக்கு எட்டவேண்டும் என்பதே கேலப்பின் கனவாக இருந்தது. நல்ல கனவுதான். 1948ல் அது தவறியது, அந்த எளியவர் வீட்டுப் படியேறத் தயங்கியபோது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறந்தபோது.

முடிவெடுக்காதவர் என்று ஒரு கட்டம் எல்லாக் கணிப்பு அட்டவணைகளிலும் கடைசியில் இருக்கும். அந்தக் கட்டத்தை மற்றவர்களுக்குப் பங்கிட்டு அழித்துவிடுவது அன்றைய வழக்கம். சோளத்தின் விலை சரிவதைப் பார்த்துக்கொண்டு, யாருக்குப் போடுவது என்று அக்டோபர் முழுதும் யோசித்த அயோவா விவசாயி அந்தக் கட்டத்தில்தான் இருந்தார். ஒரு தேர்தல் அட்டவணை கைக்கு வரும்போது நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்.